நாவலவில் ஆய்வுகூடம், ஹட்டனில் மாணவர்

பாதி வீட்டிலிருந்து, பாதி நேரில் என்று நடக்கும் கலப்புமுறைக் கல்வியைக் கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பாகவே பலரும் பேசுகிறார்கள். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பொறியியலையே அப்படித்தான் கற்பித்து வருகிறது. அச்சிட்ட பாடங்கள் மாணவர் கைக்கு வரும். செய்முறைக்கு மாணவர் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். வேலையை விடாமல், விடுதிச் செலவில்லாமல் படிக்கலாம் என்பது தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமல்ல. மலையகத்து ஹட்டனிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் ஒன்று உண்டு. ஆனால் பொறியியல் பீடமும் அதன் பெரிய ஆய்வுகூடங்களும் இருப்பது கொழும்பை அடுத்த நாவலவில். ஹட்டனிலிருந்து ரயிலில் கொழும்புக்கே ஏறத்தாழ 5 மணி நேரம்.

இத்தனை தூரம் போனாலும், விடை முன்பே தெரிந்த பரிசோதனைகளை ஒரு நாளில் அடுக்கி முடித்துவிடலாம். வடிவமைப்பு அப்படியல்ல. செய்ததைக் கெடுத்து, கெட்டதைப் பிரித்து, மறுநாளே திருத்தவேண்டும். அடுத்த செய்முறை சில வாரம் கழித்து என்றால் மாணவர் திருத்துவதில்லை. முதலில் வந்ததையே ஒப்படைத்துவிடுகிறார்.

தேயிலைக் கொழுந்து வாடிய பதத்தை அளக்கும் கருவி ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் இது புரியும். தொழிற்சாலையில், தொட்டியில் பரப்பிய கொழுந்துக்கு அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும். 12 முதல் 18 மணி நேரத்தில் வாடும். பழகியவர் ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரித்துப் பார்த்தே பதம் சொல்வார். மின்சுற்றுகளைக் கணினியிலேயே சோதிக்கும் டிங்கர்கேட் திரையில் ஈரப்பத உணரி எப்போதும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. தொட்டியிலோ அதன்மேல் இலைச்சாறு படியும், ஒயர் கழன்றுபோகும். அந்தத் தொல்லைதான் பாடம்.

பெருந்தொற்றின்போது பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை கொண்ட பெட்டிகளை மாணவர் வீட்டுக்கே அனுப்பின. நல்ல ஏற்பாடு, மேசை உள்ள வீடுகளுக்கு. தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குடும்பமே புழங்கும்போது ஈயம் பற்றவைக்கும் கோலை எங்கே வைப்பது? 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது இணையவழிப் பாதியும் கைவிட்டது.

இருந்தும் கலப்புமுறையைக் குறை சொல்வது பாதி நியாயம்தான். நேரில் நடக்கவேண்டிய பாதியைத் தொலைவில் வைத்ததே பெரிய கோளாறு. காணொளிகளைப் பெருக்கும் பணத்தில் ஹட்டனிலேயே ஒரு பட்டறை மேசை போடலாம். விசிறியும் மோட்டாரும் ரோலரும் உலர்த்தியும் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் சுற்றிலும் இருக்கின்றன. அவற்றின் கதவு திறக்கவேண்டுமானால், ஓடும் இயந்திரத்தருகே மாணவருக்குக் காயம் பட்டால் பொறுப்பு யாருடையது, உற்பத்தி தடைப்பட்டால் நட்டத்தை யார் ஏற்பது என்று பல்கலைக்கழகமும் தோட்ட நிர்வாகமும் முதலில் எழுத்தில் முடிவு செய்யவேண்டும்.