ஒரு பல்லை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

கொல்கத்தாவின் கிடர்பூர் மண்ணைத் தோண்டினால் புதைபடிவச் சுறாப் பல் கிடைக்குமா? வாய்ப்பில்லை. பக்கத்து வில்லியம் கோட்டையில் 1835 முதல் 1840 வரை 481 அடி ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தார்கள். வண்டலும் மக்கிய மரக்கரியும் எலும்புத் துண்டுகளும் மேலே வந்தன. கடலுயிரின் தடயம் வரவில்லை. ஆனால் கிடர்பூரை ஒட்டி ஓடும் ஹூக்ளியில், சுறாப் பல் ஆய்வையே தடுமாற வைக்கும் ஒரு மீன் உண்டு. முல்லரும் ஹென்லேயும் 1839இல் பெயரிட்ட கங்கைச் சுறா அது. நெடுங்காலம் அதற்கு ஆதாரமாக இருந்தவை 19ஆம் நூற்றாண்டின் மூன்று அருங்காட்சியக மாதிரிகள்தாம்.

அதன் மேல்தாடைப் பல் அகன்ற முக்கோணம், ஓரத்தில் ரம்பம். ஆற்றுக்குள் ஏறிவரும் காளைச் சுறாவின் மேற்பல்லும் ஏறக்குறைய அப்படித்தான். கங்கைச் சுறாவின் கீழ்த்தாடைப் பல்லோ ஒடுங்கிய ஈட்டி முனை. ஒரே வாயில் இரண்டு வடிவம். மேற்பல் ஒன்று மட்டும் கையில் இருந்தால் தேர்ந்தவரும் தயங்குவார். உயிரோடு இருக்கும் மீனுக்கே இந்தக் கதி என்றால், ஒரு கோடி ஆண்டுக்கு முந்தைய ஒற்றைப் பல்லுக்குச் சிற்றினப் பெயர் சூட்டுவதை எப்படி நம்புவது?

முழுக்க நம்பாமல் இருக்கவும் முடியாது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, மக்கிப்போய்விடும். பல்லோ ஆயிரக்கணக்கில் உதிரும், கெட்டியான மேற்பூச்சோடு பாறையில் தங்கும். ஒடிசாவின் பாரிபதாவில் கிடைத்த மயோசீன் காலப் பற்கள் இன்றைய மயூர்பஞ்ச் மாவட்டத்துக்குள் கடல் புகுந்திருந்ததற்குச் சான்று. அங்கே கிடைக்கும் ஹெமிப்ரிஸ்டிஸ் பல்லைப் பாருங்கள்: முனை பின்னோக்கி வளைந்திருக்கும், ஓரத்து ரம்பம் பெரிது பெரிதாக ஏறி, நுனிக்குச் சற்று முன்னால் சட்டென நின்றுவிடும். அந்த வழவழப்பான நுனியைப் பார்த்ததும் பேரினத்தைச் சொல்லிவிடலாம். அதன் கீழ்ப்பல் ஒல்லியான கொக்கி. இரண்டும் ஒரே மீனுடையவை என்று துணிந்து சொல்ல முடிவது, அந்தப் பேரினத்தில் ஒரு சுறா இன்றும் இந்தியப் பெருங்கடலில் இருப்பதால்தான். முழுத்தாடையை ஒப்பிட்டுப் பார்க்கும் வழியே இந்த முறையின் உண்மையான பலம் என்பது என் கணிப்பு.

அந்த வழி இல்லாத இடத்தில் பெயர்கள் பெருகின. புதுச்சேரிப் பாறைகளில் கிடைத்த பற்களை 1845இல் விவரித்த எகர்ட்டன் பல புதுச் சிற்றினங்களை அறிவித்தார். பல் தாடையின் எந்த மூலையில் இருந்தது, குட்டியுடையதா முதிர்ந்ததா என்று பிரித்தறிய அன்று வசதியில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் காலத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடந்தது. கிரெட்டலம்னா அப்பெண்டிகுலேட்டா என்ற ஒரே பெயருக்குள் ஐந்து கோடி ஆண்டுக் காலப் பற்களை எல்லாம் கொட்டி வைத்தார்கள். 2015இல் சிவர்சன் குழு, கான்சாஸில் கிடைத்த ஓரளவு கலையாத பல்வரிசையோடு ஒப்பிட்டு, உள்ளே பல சிற்றினங்கள் இருப்பதைக் காட்டியது. அரியலூர்ப் பக்கத்துப் பழைய பட்டியல்களில் இந்தப் பெயரைக் காண்பவர்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

மெகலடான் சுறாவின் கதையும் இதுதான். அதன் முன்னோடியான சுபுடென்சிஸின் பல்லில் பக்கக் கூர்கள் உண்டு, மெகலடானில் இல்லை என்பது பாட வாய்பாடு. மேரிலாந்தின் கால்வர்ட் பாறைகளிலோ அந்தக் கூர்கள் அடுக்கடுக்காகக் குறைந்துகொண்டே போகின்றன. எங்கே கோடு கிழித்தாலும் அது நம் சௌகரியத்துக்குக் கிழித்த கோடு. போதாததற்குக் குட்டி மெகலடானுக்கும் பக்கக் கூர் இருக்கலாம்.

ஆகவே பேரினம் வரை பெரும்பாலும் பல் போதும். சிற்றினத்துக்கு ஒற்றைப் பல் போதாது. 'சிற்றினம் தெரியவில்லை' என்று எழுதும் கட்டுரையைக் குறைபட்டதாகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். இன்றைய சுறாத் தாடைகளை இனவாரியாகச் சேர்த்து வைக்கும் வேலைக்கும் ஆய்வுப் பணத்தில் பங்கு வேண்டும். காசிமேட்டிலும் டீகாவிலும் கரைக்கு வரும் மீன்களின் தாடைகளே அதற்குப் போதுமான தொடக்கம். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கப் பக்கம் உங்கள் கண்ணில் ஒரு பல் பட்டால், பெயர் தேடுவதற்கு முன் எந்த ஊர், எந்த அடுக்கு என்று ஒரு தாளில் குறித்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.