தோழியும் செவிலியும்: கட்டிளமைப் பருவத்துப் பிணைப்புணர்வு

அகப்பாடல்களில் வரும் தோழியைத் தலைவன் தலைவியரிடையே தூது செல்பவளாக மட்டும் காண்பது திறனாய்வில் வேரூன்றிவிட்ட வழக்கம். அப்பார்வை அவளது பாத்திரத்தின் ஒரு பாதியையே விளக்குகின்றது. தோழி என்பவள் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியர் வகுத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. தலைவியை எடுத்து வளர்த்த கையும் அவளது மறையைக் கேட்கும் செவியும் ஒரே குடும்பத்தன.

ஆங்கிலேய உளமருத்துவர் ஜோன் போல்பி, அச்சமுற்ற குழந்தை தன்னைப் பேணுபவரை நாடும் இயல்பை 1969இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். கட்டிளமைப் பருவத்தில் அந்நாட்டம் படிப்படியாக நண்பர்பாலும் பின்னர்க் காதலர்பாலும் விரிகின்றது என்பர் அவர்வழி வந்தோர். வீட்டிற் பெற்ற உறுதியே புதிய உறவுக்கு முதலாகின்றது. நண்பரின் ஏற்பும் புறக்கணிப்பும் அவ்வுறுதியை வளர்க்கவோ குலைக்கவோ செய்கின்றன.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்குக் கூறும் கூற்றேயாகும். மகளின் மெலிவை நோயெனக் கருதிப் பிறரை வினவியும் கடவுளரை வேண்டியும் கலங்கும் செவிலியிடம் அவள் உண்மையை உரைக்கின்றாள். அறத்தொடு நிற்றல் எனப்படும் இம்முறையில், மறை தலைவியிடமிருந்து தோழிக்கும், பின் செவிலிக்கும், நற்றாய்க்கும், தந்தை தமையன்மாருக்கும் செல்கின்றது. இளம்பெண் வீட்டைப் பகைக்காது வளர்வதற்குப் புலவர் கண்ட வழி இது.

ஆயினும் அவ்வழி யாவர்க்கும் திறந்திருக்கவில்லை. அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. பிறர் வீட்டில் உழைப்பவளின் மகளுக்கு யார் தோழி, யார் செவிலி என்ற வினாவுக்கு அங்கு விடையில்லை.

கண்டி - மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொட போன்ற ஊர்களில் அவ்வினா இன்று வாழ்க்கையில் எழுகின்றது. 1970களின் பிற்பகுதி தொட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற இலங்கைத் தாய்மார் பலர். தாய் கடல்கடந்த வீட்டில் அம்மம்மாவோ பெரியம்மாவோ செவிலியாகின்றார். மகள் தன் கலக்கத்தை வகுப்புத் தோழியிடமே முதலிற் சொல்கின்றாள். அத்தோழமையை ஐயுற்றுத் தடுக்கும் வீடு, தன்னிடம் உண்மை வந்துசேரும் வழியையும் தானே அடைத்துக்கொள்கின்றது. தோழி பேசவேண்டுமாயின், சினவாது கேட்கும் செவிலி ஒருத்தி வேண்டும். குறிஞ்சிப்பாட்டு இன்றும் உணர்த்துவது இதனையே.