யாழ்நூலும் பண்ணாராய்ச்சியும்

விபுலாநந்த அடிகளார் இயற்றி 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ்நூல், சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பழந்தமிழிசையை ஆராய்ந்த பெருநூலாகும். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக அலகு 22 என்பது தொன்னெறி. 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் ஒரு ஸ்தாயியை 24 சம அலகாகப் பகுத்தனர். அடிகளார் 22 அலகினையே கொண்டு கணக்கிட்டனர்.

அக்கணக்கின் திட்பம் போற்றத்தக்கதே. ஆயினும், அதுவொன்றே தேவாரப் பண்களை மீட்டுத் தரும் என நூலைக் கற்போர் கருதுவாராயின் அது பொருந்தாது. என்னை? அலகு நரம்புகளின் இடைவெளியை அளப்பது. பண்ணோ அந்நரம்புகள் நின்றும் எழுந்தும் அசைந்தும் இயலும் நடையாற் பிறப்பது. ஒரே நரம்புக் கோவையினின்று பல பண்கள் தோன்றுதலும் இதனாலேயாம். அந்நடை ஏட்டில் முற்றும் அடங்காது. ஓதுவார் மிடற்றின்கண் உள்ளது.

ஓதுவார்கள் தக்கேசியைக் காம்போதியாகவும், புறநீர்மையைப் பூபாளமாகவும் பாடிவருகின்றனர். அவ்வழக்குக் காலத்தால் திரிந்திருத்தலும் கூடுமாகலின், அதனைக் கணக்கினாற் சோதித்தல் முறையே. அங்ஙனமே கணக்கினையும் வழக்கினாற் சோதித்தல் வேண்டும். திருமுறைப் பண் இறைவன் திருமுன்னர் ஓதுதற்குரியது; ஓதும் மரபு அற்றுப்போமாயின் அலகுக் கணக்கால் அதனை மீட்டல் அரிது. ஆதலின், யாழ்நூல் கற்பார் ஓதுவாரிடத்துப் பண் கேட்டுப் பயிறலையும் உடன்மேற்கொள்வது நன்று.