வட்டிக்கடையும் விமானத்தளமும்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் நூலாக வந்தது. அதை யுத்த நாவல் என்கிறார்கள். யுத்தம் முடிந்தபின் பிழைப்பது எப்படி என்பதே அதன் விஷயம் என்பது என் கட்சி. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த செல்லையா, பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் மனசு ஒத்திருக்கிறது. முதலாளிக்கோ, பட்டாளத்துக்குப் போனவன் இனிப் பெட்டியடிக்கு உதவமாட்டான் என்ற எண்ணம். பெண்ணைக் கொடுக்க மறுத்துவிடுகிறார். அவரைக் கொடியவராக்காமல், தம் அளவில் நியாயம் பேசும் வியாபாரியாகவே நிறுத்தியிருக்கிறார் சிங்காரம். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த முதலாளியின் ஞாபகம் வருகிறது. மேற்கே கல்வராயன் மலையும் கிழக்கே இந்த ஊருமாக 2019-இல் பிரிந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். 1942-இல் ஜப்பான்காரன் சிங்கப்பூரையும் ரங்கூனையும் பிடித்தான். அந்த யுத்தத்தின்போது வெள்ளைக்கார அரசாங்கம் தென்னாட்டில் பல இடங்களில் விமானத்தளம் போட்டது, உளுந்தூர்ப்பேட்டையும் ஒன்று. 1945-இல் யுத்தம் ஓய்ந்தது. சிப்பாய்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஓடுபாதைக்குப் போக வீடு ஏது? மறுபடி விமானம் வரும் என்று அவ்வப்போது பேச்சு எழும்பும், அடங்கும். வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விமானத்துக்குப் போட்ட தரை வேறொன்றுக்கும் ஆகாது என்று காத்துக் கிடப்பது சுத்தமான வட்டிக்கடைத் தர்க்கம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அந்தத் தர்க்கம் செல்லவில்லை. அதுவும் அதே யுத்தத்தில் போட்ட தளந்தான். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்திற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும்வரை, கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சோழவரத்துக்குப் போனார்கள். பணக்காரர் விளையாட்டு என்று முகம் சுளிக்கலாம். குண்டு ஏற்றிய விமானத்தைவிட அது எவ்வளவோ தேவலை.

சிங்காரத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் செல்லையா தத்துவம் சொல்லித் தன் மனசைத் தேற்றிக்கொள்கிறான். பலர் மெச்சும் இடம் அது. அவனுக்கு வேண்டியிருந்தது தேறுதலா என்ன? பெண்ணும் பெட்டியடியுந்தானே! ஆசிரியர் அவனைச் சீக்கிரமே சமாதானப்படுத்திவிட்டார்.

நிலத்துக்கு அந்தச் சௌகரியமும் இல்லை. உளுந்தூர்ப்பேட்டைத் தளத்தை என்ன செய்யலாம் என்று முதலில் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களைத்தான் கேட்க வேண்டும். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகிற பூமி. ஒரு பெரிய களமும் கிடங்கும் போதும் என்று அவர்கள் சொன்னால், விமானத்தைவிட மட்டமான யோசனை என்று நான் சொல்லமாட்டேன்.