கீலண்டுக்கு மறுக்கப்பட்ட ஊதியம்: நார்வே இலக்கிய வரலாற்றில் ஒரு திறனாய்வுச் சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே நாட்டில் இலக்கியமும் பொதுவாழ்வும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். அஃது உண்மையே. எனினும், அவ்விரண்டும் தழுவிய இடத்தைக் காட்டிலும் மோதிய இடமே அவற்றின் உறவினை நன்கு புலப்படுத்துவதாகும். அத்தகையதொரு மோதல் 1885ஆம் ஆண்டில் ஸ்டோர்ட்டிங் எனப்படும் நார்வேப் பேரவையில் நிகழ்ந்தது. நாவலாசிரியர் அலெக்சாந்தர் கீலண்டுக்கு (1849–1906) ஆண்டுதோறும் அரசு ஊதியம் வழங்குதல் வேண்டும் என்னும் வேண்டுகோளைப் பேரவை மறுத்துவிட்டது. அம்மறுப்பினை அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளாது, ஓர் இலக்கியத் தீர்ப்பாகவும் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் இவ்வூதியத்தின் இயல்பினை அறிதல் வேண்டும். அக்கால நார்வே சுவீடனுடன் ஓர் அரசரின்கீழ் இணைந்திருந்த போதிலும், 1814 முதல் தனக்கெனத் தனி அரசியலமைப்பினையும் பேரவையினையும் உடைய நாடு. நூற்றாண்டின் இறுதியிலும் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சமே. சிறந்த நூல்கள் பலவும் தென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனிலேயே பதிப்பிக்கப்பெற்றன. எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்தல் அத்தகைய நாட்டில் எளிதன்று. ஆதலின், சிறந்த எழுத்தாளர்க்குப் பொதுநிதியினின்று ஊதியம் வழங்கும் வழக்கம் தோன்றிற்று. பியோர்ன்சன் அதனை 1863இலும், இப்சன் 1866இலும் பெற்றனர். யோனாஸ் லீயும் பின்னர்ப் பெற்றார். இம்மூவரில் பியோர்ன்சனும் லீயுமே கீலண்டுக்காக வேண்டுகோள் விடுத்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வேண்டுகோள் விடுக்கப்பட்ட காலமும் கருதத்தக்கதே. 1884இல் யோகான் ஸ்வெர்ட்ரூப் தலைமையில் இடதுசாரிக் கட்சியினர் ஆட்சி அமைத்தனர். பேரவையின் நம்பிக்கையைப் பெற்றவரே அமைச்சராதல் வேண்டும் என்னும் கோட்பாடு அவ்வாண்டில் வென்றது. பியோர்ன்சன் போன்றோர் அவ்வெற்றிக்காக எழுத்தாலும் பேச்சாலும் உழைத்தவர். ஆயின், அக்கட்சியுள் இருவேறு உள்ளங்கள் உறைந்தன. நகரங்களின் புத்துணர்வாளர் ஒருபுறம். மேற்குக் கடற்கரையின் சமயப் பற்றுடைய உழவரும் சிறு வணிகரும் மற்றொருபுறம். பின்னவர்க்கு வழிகாட்டியவருள் ஸ்டவாங்கர் நகரத்துச் சமயகுரு லார்ஸ் ஊப்தெடால் ஒருவர். கீலண்டும் அந்நகரத்தின் பெருவணிகக் குடும்பத்திற் பிறந்தவரே. மக்களின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் தாக்கும் நூல்களுக்கு மக்களின் வரிப்பணத்தை வழங்குதல் தகாது என்பது எதிர்த்தோரின் வாதம்.

இவ்வாதத்தினை எள்ளி ஒதுக்குதல் எளிது, நேரியதன்று. மீன்பிடித்தும் பாறை நிலத்தைத் திருத்தியும் வாழ்ந்த மக்கள் தம் பேராளர் வாயிலாகப் பொதுநிதியை ஆளும் உரிமையை அப்போதுதான் முழுமையாக எய்தினர். தம் நம்பிக்கையைப் பழிப்பவனுக்குத் தாமே ஊதியம் தருதல் வேண்டுமோ என அவர்கள் வினவியது இயல்பே. ஆயினும், அவ்வினாவினுள் இரண்டு கருதுகோள்கள் அடங்கியுள்ளன. கீலண்டின் நூல்கள் சமயத்தைப் பழிப்பன என்பது ஒன்று. ஊதியம் அளித்தல் கருத்துக்கு உடன்படுதலாகும் என்பது மற்றொன்று. இவற்றை நிரலே நோக்குவோம்.

1882இல் வெளிவந்த 'கப்பல் தலைவன் வோர்ஸ்' என்னும் நாவல் முதற் கருதுகோளுக்குத் தக்க மறுப்பாகும். ஹாகே (1771–1824) என்பாரைப் பின்பற்றிய எளிய சமயக் குழுவினரின் வாழ்வு அதில் இடம்பெறுகின்றது. குருப்பட்டம் பெறாது மக்களிடையே சமயவுரை ஆற்றும் ஹான்ஸ் நில்சன் பென்னிபோஸ் என்னும் பாத்திரத்தை ஆசிரியர் பெருமதிப்புடன் படைத்துள்ளார். சாராள் என்னும் இளம்பெண் முதிய கப்பல் தலைவனுக்கு மணம்செய்து கொடுக்கப்படுகின்றாள். அவள்பால் தன் உள்ளம் செல்வதை உணர்ந்து பென்னிபோஸ் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் பகுதிகளில் ஏளனத்தின் சாயலும் இல்லை. ஏளனம் எழுவது, அருளுரையும் ஆதாயக் கணக்கும் ஒரே நாவிற் கலக்கும் இடங்களிலேதான். சமயத்திற்கும் சமயத்தைப் பயன்படுத்துவோர்க்கும் உள்ள வேறுபாட்டினை ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார் என்பதே எம் துணிபு.

1883இல் வெளிவந்த 'நஞ்சு' கடுமை மிக்கது. இலத்தீன் பள்ளியில் பயிலும் மாரியுஸ் என்னும் மெலிந்த சிறுவன் காய்ச்சலுற்று இறக்குங்கால் இலத்தீன் இலக்கண வாய்பாட்டையே பிதற்றுகின்றான். அவனுக்காக வகுப்பில் எழுந்து ஆசிரியரை எதிர்த்த தோழன் ஆபிரகாம் சிறிது சிறிதாகப் பணியப் பழக்கப்படுகின்றான். இறுதியில் நம்பிக்கையின்றியே திருக்கோயிலில் உறுதிபூசுதல் சடங்கினை ஏற்கின்றான். அச்சடங்கு 1736 முதல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டிருந்தது என்பதனை அறிந்தாலன்றி இம்முடிவின் ஆற்றல் விளங்காது. பள்ளி, கோயில், இல்லம் ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்து ஒரு நேர்மையான சிறுவனை எங்ஙனம் பொய்யனாக்குகின்றன என்பதே நூலின் பொருள். ஆசிரியர் வாதிடவில்லை, காட்டுகின்றார்.

கீலண்டிடம் குறையில்லை என்பது எம் கருத்தன்று. 1881இல் எழுதப்பெற்ற 'உழைக்கும் மக்கள்' என்னும் நாவலில் உயர் அலுவலரெல்லாம் ஒரே அச்சில் வார்த்த உருவங்களாய் நிற்கின்றனர். சான்று தோன்றுமுன் தீர்ப்புத் தோன்றிவிடுகின்றது. இது கலைக்குறை. பேரவையில் எதிர்த்தோர் இதனைச் சுட்டியிருப்பின் அது திறனாய்வாகியிருக்கும். அவர்களோ குறையுடைய நூலையும் நிறைவுடைய நூலையும் வேறுபடுத்தாது, கருத்து ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டனர்.

இரண்டாம் கருதுகோளை இப்சனின் வரலாறு தகர்க்கின்றது. 1866 மார்ச்சில் வெளிவந்த 'பிராண்ட்' என்னும் நாடகச் செய்யுள் நார்வே மக்களின் அரைகுறைத் துணிவினையும் இணங்கிப்போகும் இயல்பினையும் வன்மையாக இடித்துரைப்பது. எனினும், சில திங்களுக்குள்ளாகவே பேரவை அவர்க்கு ஆண்டுக்கு 400 ஸ்பெசிடாலர் வழங்க இசைந்தது. நாட்டை இடித்துரைத்தவர்க்கு ஈந்த பேரவை, பின்னொருவர்க்கு மறுத்தது ஏன்? அரசியற் சூழல் ஒரு காரணமே. ஆயின், நூல்களின் இயல்பிலும் காரணம் உண்டு என யாம் கருதுகின்றோம். 'பிராண்ட்' நாடகத்தைப் பயில்வோன் தன்னைத் தலைவனோடு ஒன்றுபடுத்திக்கொண்டு, இடித்துரையை அண்டை வீட்டானுக்கு உரியதாக்கிவிடலாம். கீலண்டோ பொதுவாகிய மனவியல்பை விடுத்து, இன்ன பள்ளி, இன்ன சடங்கு, இன்ன அலுவலகம் எனச் சுட்டி எழுதினார். தப்புதற்கு அங்கே வழியில்லை. எனவே, பேரவையின் மறுப்பு அந்நூல்கள் குறிதவறாமையை ஒப்புக்கொண்டதேயாகும்.

இவ்வழக்கினால் விளைந்த பிளவு ஆழமானது. 1888இல் இடதுசாரிக் கட்சி தூயவர், மிதவாதியர் என இரண்டாயிற்று. அதற்குப் பிற காரணங்களும் உள எனினும், கீலண்டு வழக்கு முன்னோடியாய் அமைந்தது. மறுப்பிற்குப்பின் கீலண்டு உடனே ஓய்ந்தாரல்லர். 1887இல் 'புனித யோவான் விழா' என்னும் நூலில் சமயத் தலைவரின் அதிகாரத்தை முன்னினும் கூர்மையாக எள்ளினார். 1891இல் 'யாக்கோபு' வெளிவந்த பின்னரே நாவல் எழுதுதலை நிறுத்தினார். மறுப்பே அவர் எழுதுகோலை முறித்தது என்பது சான்று கடந்த கூற்றாகும். ஆனால், ஒரு முரண் மறுக்கவொண்ணாதது. நாவலாசிரியராய் ஊதியம் பெறாத அவரே ஸ்டவாங்கர் நகர ஆட்சித் தலைவராகவும், 1902 முதல் ரோம்ஸ்டால் மாவட்ட ஆளுநராகவும் அமர்ந்து பொதுப்பணிக்குரிய ஊதியம் பெற்றார். அலுவலரைப் பழித்தவரை அலுவலராக ஏற்ற நாடு, எழுத்தாளராக ஏற்கத் தயங்கிற்று.

எழுத்தாளனுக்குப் பொதுமக்கள் அளிக்கும் ஊதியம் அவன் கருத்தின் விலையன்று. அவன் கண்டதைக் கண்டவாறு கூறுதற்கு அளிக்கும் வாய்ப்பேயாகும். அவ்வாய்ப்பினை அளிக்குமுன் அவன் திறத்தை ஆராய்தல் முறை. உடன்பாட்டை ஆராய்தல் முறையன்று. தம் உள்ளத்தை நோகச் செய்யும் நூலைக் குறையுடைய நூல் எனக் கருதும் மயக்கம் 1885இன் பேராளர்க்கு மட்டும் உரியதன்று. திறனாய்வாளரும் அதற்கு ஆட்படுதல் உண்டு. நோவு எங்கிருந்து பிறந்தது, ஆசிரியனின் பிழையிலிருந்தோ அவன் கூறிய உண்மையிலிருந்தோ என வினவிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும் என்பதே கீலண்டு வழக்கு நமக்கு உணர்த்துவதாகும்.