வரிசையில் நிற்கும் உரிமை

கேரளத்தின் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டியின் நினைவு நாளான ஜூலை 18 வந்துவிட்டால் அவரைப் பற்றி எழுதப்படுபவை எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. மக்களைத் தேடிப் போனவர், மனுவோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர், சட்டமன்ற உறுப்பினர் என்றால் இவரைப் போல் இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு இரண்டு சான்றுகள் காட்டப்படுகின்றன. 1970 முதல் 2023இல் கண் மூடும்வரை, 53 ஆண்டுகள், புதுப்பள்ளித் தொகுதி அவரைப் பன்னிரண்டு தேர்தல்களில் தொடர்ந்து சட்டமன்றத்துக்கு அனுப்பியது என்பது ஒன்று. ஜனசம்பர்க்க பரிபாடி என்ற மக்கள் சந்திப்புத் திட்டத்துக்காக 2013இல் ஐ.நா. பொதுச்சேவை விருது கொடுத்தது என்பது மற்றொன்று. ஒரு மனிதரின் அயராத உழைப்புக்கு இவை சான்று என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் கையாண்ட முறை சரியானது என்பதற்கு இவை சான்றாகிவிடுமா? இன்றைய எம்.எல்.ஏ.க்களும் நாளைய முதல்வர்களும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாக அந்த முறை நீட்டப்படுவதால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அவரிடம் அதிகாரத் திமிர் இருந்ததில்லை. முதல்வரான பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பள்ளி வீட்டில் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அமைச்சரைப் பார்க்கவே ஆறு மாதம் நடக்க வேண்டிய நாட்டில் இது சிறிய விஷயமல்ல. 2011இல் தன் அலுவலகத்தில் கேமரா வைத்து, உள்ளே நடப்பதை இணையத்தில் எவரும் பார்க்கும்படி செய்தார். அவருடைய உடல் திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் போய்ச் சேர ஒரு நாளுக்கும் மேல் ஆனது. சுமார் 150 கிலோமீட்டர் சாலை நெடுகிலும் நின்ற கூட்டத்தை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. அந்த அன்பு உண்மையானது. நான் குறை சொல்வது அந்த அன்பு எதன்மேல் கட்டப்பட்டது என்பதைப் பற்றி.

ஜனசம்பர்க்க பரிபாடி நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஒரு மைதானம், பந்தல், துறைவாரியாக மேசைகள், ஆட்சியர் முதல் கடைநிலை அலுவலர் வரை மொத்த நிர்வாகமும் ஒரே கூரையின் கீழ். நடுவில் முதல்வர், பெரும்பாலும் நின்றுகொண்டே. ஸ்ட்ரெச்சரில் நோயாளிகள், சக்கர நாற்காலியில் முதியவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார்கள். மனுவின் ஓரத்தில் முதல்வர் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்திடுவார். முதல்வரின் துயர் துடைப்பு நிதியிலிருந்து அந்தப் பணம் வரும். கூலி வேலை செய்யும் குடும்பத்தின் ரேஷன் அட்டையில் ஏ.பி.எல். (வறுமைக் கோட்டுக்கு மேல்) என்று விழுந்திருக்கும், அது அந்த இடத்திலேயே பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) ஆகும். ஒரு துண்டு நிலத்தின் பட்டா எந்த மேசையில் தூங்குகிறது என்று அங்கேயே கண்டுபிடிக்கப்படும். சில மாவட்டங்களில் இது ஒரே மூச்சில் 18 மணி நேரம் ஓடியது.

அந்த 18 மணி நேரத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது 1,080 நிமிடம். ஒரு நிமிடமும் வீணாகாமல், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று ஒதுக்கினாலும் ஓராயிரம் சொச்சம் பேருக்குமேல் பார்க்க முடியாது. மனுக்களோ ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆக, ஒன்று மனுவைப் படிக்காமல் கையெழுத்து விழ வேண்டும், அல்லது அதிகாரிகள் ஏற்கெனவே முடிவெடுத்துவைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் முடிவெடுத்துவிட்டார்கள் என்றால், அதை நேற்றே தாலுகா அலுவலகத்தில் செய்யாமல் இன்று மைதானத்தில் செய்வானேன்? வெயிலில் கால் கடுக்க நின்றவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவருக்குச் சட்டப்படி முன்பே கிடைத்திருக்க வேண்டிய ஒன்று. அதை முதல்வரின் கையால் வாங்கியபோது அது உதவி ஆகிவிட்டது. தகுதியுள்ளவர் கேட்டுப் பெற வேண்டிய உரிமை, கும்பிட்டு வாங்கும் தயவாக உருமாறும் இடம் இதுதான். இந்த முறையின்மேல் எனக்கு நெடுங்காலமாக இருந்துவரும் எதிர்ப்பின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

பட்டா கொடுக்காமல் இழுத்தடித்த அலுவலருக்கு அந்த மைதானத்தில் என்ன ஆனது என்று எந்தப் புகழுரையும் சொல்வதில்லை. அவரும் அங்கேதான் ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். முதல்வர் கேட்டார், அவர் கோப்பை நகர்த்தினார், மனுதாரர் கண்ணீரோடு நன்றி சொன்னார், மூவருமே மனநிறைவோடு வீடு திரும்பினார்கள். மறுநாள் அதே அலுவலகத்தில் அடுத்தவரின் கோப்பு அதே வேகத்தில், அதாவது அதே அசையாமையில், கிடந்தது. பக்கத்து வீட்டில் அதே நிலையில் வாழ்ந்த இன்னொரு குடும்பம் மைதானத்துக்கு வரவில்லை. வரத் தெரியவில்லை, கூட்டிவர ஆள் இல்லை, அன்றைய கூலியை விட முடியவில்லை. அவர்களின் ஏ.பி.எல். அட்டை ஏ.பி.எல். அட்டையாகவே நீடித்தது. நீதி என்பது ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒத்த விதத்தில் நடத்துவது. வந்தவருக்கு உண்டு, வராதவருக்கு இல்லை என்று ஆகும் முறை, எவ்வளவு கனிந்த மனதோடு நடந்தாலும் நீதியாகாது. கேரளத்தில் 1,600க்கும் மேற்பட்ட கிராம அலுவலகங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் கதவைத் திறந்து வேலை செய்தால், மாவட்டத்துக்கு ஒன்றாக 14 மைதானங்களுக்குத் தேவையே இல்லை.

இதையெல்லாம் உம்மன் சாண்டி அறியாதவர் என்று சொல்ல வழியில்லை. அவருடைய ஆட்சிதான் கேரள மாநில சேவை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து 2012 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. எந்தச் சேவையை எந்த அலுவலர் எத்தனை நாளில் தர வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் அறிவிக்க வேண்டும். தவறினால் மேல்முறையீடு செய்யலாம். தவறிய அலுவலருக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்நாள் சாதனையாகச் சொல்லத்தக்க சட்டம் இது. வருமானச் சான்றிதழ் கேட்டு நிற்பவரைக் கெஞ்சும் இடத்திலிருந்து கேட்கும் இடத்துக்கு நகர்த்துவது. ஆனால் அந்தச் சட்டம் பல் முளைக்காத குழந்தையாகவே விடப்பட்டது. மேல்முறையீட்டை விசாரிப்பவரும் அதே துறையின் மேலதிகாரிதான், அபராதம் சொற்பம், சுயேச்சையாக இயங்கும் ஆணையம் அதில் இருக்கவில்லை. முதல்வர் அந்தச் சட்டத்துக்காக 18 மணி நேரம் நிற்கவில்லை. 2013இல் மறுபடியும் மைதானத்துக்கே போனார். சட்டம் வேலை செய்தால் நன்றி சொல்ல ஆள் இருக்காது, மைதானத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இது கடுமையான வாசிப்பு என்று அவருடைய அன்பர்கள் வருந்தலாம். ஆனால் ஒரே ஆட்சி ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, நிலைத்த பலன் தரக்கூடியதை அலமாரியில் வைத்துப் பூட்டியதற்கு வேறு விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

ஐ.நா. விருதைப் பற்றியும் பேசிவிட வேண்டும். அது கொடுக்கப்பட்டது பொதுச்சேவையில் ஊழலைத் தடுத்து எதிர்த்தல் என்ற பிரிவில். 2013 ஜூன் இறுதியில் பஹ்ரைனில் அவர் அதை வாங்கியபோது, கேரளத்தில், சூரியசக்தித் தகடுகளின் பெயரில் பணம் சுருட்டிய சோலார் மோசடி விவகாரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதே நாள்களில் அவருடைய சொந்த அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர் அந்த வழக்கில் கைதானார். அந்த விவகாரத்தை ஒட்டி உம்மன் சாண்டிமேல் சுமத்தப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. 2022இல் சொல்லிவிட்டது, அவர் பட்ட அவமானம் அநியாயமானது. நான் சுட்டுவது வேறொன்று. அவரிடம் சொந்தமாகக் கைப்பேசி கிடையாது. உதவியாளர், பாதுகாவலர் ஆகியோரின் கைப்பேசிகளில்தான் அவரைப் பிடிக்க முடியும் என்பது ஊரறிந்த செய்தி. எல்லாரும் ஒருவரையே அணுக வேண்டும் என்று ஆகும்போது, அந்த ஒருவருக்கு அருகில் நிற்பவனுக்கு விலை வந்துவிடுகிறது. கதவு திறந்தே கிடந்தாலும் வாசலில் நிற்பவன் தரகனாகிறான். எந்த ஃபைல் மேலே வர வேண்டும், யாருடைய அழைப்பு எடுக்கப்பட வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்கிறான். அலுவலகக் கேமராவில் இது தெரியாது. ஊழலைத் தடுக்கும் முறை என்று உலக மன்றம் பாராட்டிய ஒன்று, ஊழலுக்கு ஏற்ற மண்ணைத் தயார் செய்யும் முறையாகவும் இருந்தது.

நோயாளியால் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அவசர உதவிக்கு ஒரு நிதியும், அதைப் பகிர்ந்தளிக்க ஒரு முறையும் வேண்டும். ஆனால் அதை வழங்க முதல்வரின் பேனா எதற்கு? மனுக்கள் மூலம்தான் விதிகளின் ஓட்டைகள் தெரியவந்தன, அதன்பேரில் சில விதிகளும் மாற்றப்பட்டன என்ற பதில் இதைவிட வலுவானது. இந்தப் பக்கத்தில் அவருக்குப் பெருமை சேர்க்கும் எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்தும் ஸ்ருதிதரங்கம் திட்டம் அவருடைய ஆட்சியில் 2012இல் வந்தது. அதில் குழந்தையின் தகுதியை மருத்துவக் குழு தீர்மானிக்கிறது. எந்த மைதானத்துக்கும் யாரும் போக வேண்டியதில்லை. அவரை நினைத்து இன்று நன்றி சொல்லும் குடும்பங்களில் இந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் பல. இந்த எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது என்பேன். தனிமனிதத் துயரம் ஒரு பொதுத் திட்டமாக மாறிய இடங்களில்தான் அவருடைய பெயர் உண்மையாக நிலைத்திருக்கிறது. மனுக்களின் கடலில் அப்படி மாறியவை எத்தனை, கையெழுத்தோடு முடிந்தவை எத்தனை என்று ஒப்பிட்டால் புகழுரைகளின் சுருதி இறங்கிவிடும்.

புதுப்பள்ளி வாக்காளர்கள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லையே என்பது கடைசி அரண். 2021இல் 9,044 வாக்குகளாகச் சுருங்கியிருந்த வித்தியாசம், அவர் மறைவுக்குப் பின் 2023 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவர் மகன் நின்றபோது 37,719 ஆக எகிறியது. தயவின் அரசியல் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? உரிமையை யாரும் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. நன்றிக்கடன் மட்டும் வாரிசுக்குப் போய்ச் சேர்கிறது. வாக்காளரைக் குறை சொல்வதற்கில்லை. எம்.எல்.ஏ. என்றால் சிபாரிசுக் கடிதம் தருபவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருபவர் என்று அரைநூற்றாண்டாக அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாடத்தின் தலைசிறந்த ஆசிரியர் உம்மன் சாண்டி. துறைவாரிக் குழுக்களை 1980இலேயே அமைத்து மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய சட்டமன்றம் கேரளத்துடையது. அரசு தந்த வாக்குறுதிகளைக் கண்காணிக்க அங்கே ஒரு குழு உண்டு. பொதுமக்களின் மனுக்களை ஆராயவும் தனியே ஒரு குழு உண்டு. ஒரு மனுவை அந்தக் குழுவின் முன் வைத்தால் துறைச் செயலாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதில் ஆவணமாகும், ஆவணம் விதியை மாற்றும். ஐந்து பதிற்றாண்டுகளாக அவை உறுப்பினராக இருந்தவரின் பெயரைச் சொன்னதும் இவற்றில் ஒன்றுகூட யாருக்கும் நினைவுக்கு வராமல், வீட்டு முற்றத்துக் கூட்டமே நினைவுக்கு வருகிறது.

முதல்வர் கிராம அதிகாரியின் வேலையைச் செய்கிறார் என்று அன்று இடதுசாரிகள் கேலி செய்தார்கள். கேலி சரியானது, ஆனால் அதைச் சொன்னவர்கள் செய்தது என்ன? 2023 நவம்பரில் மஞ்சேஸ்வரத்தில் தொடங்கி, அவர்களுடைய முதல்வரும் அமைச்சர்களும் ஒரே பேருந்தில் தொகுதி தொகுதியாகப் போன நவகேரள சதஸ் நடந்தது. மனுக்களைக் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டார்கள். முதல்வர் ஊர்ப் பிரமுகர்களோடு காலை உணவு உண்டார். உம்மன் சாண்டியின் முறையிலிருந்து மனிதத் தொடுகையைக் கழித்துவிட்டு, குறையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நடைமுறை எதிரிகளாலும் பின்பற்றப்பட்டால் அது வென்றுவிட்டது என்று அவருடைய கட்சிக்காரர்கள் மகிழலாம். தொற்றிக்கொண்டது என்பதே பொருத்தம்.

ஆகவே, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்வை எடைபோடும் அளவுகோலை மாற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை பேரைச் சந்தித்தார், எத்தனை மனுவில் கையெழுத்திட்டார் என்ற எண்கள் பெரிதாகப் பெரிதாக அவருடைய தோல்வியும் பெரிதாகிறது. அத்தனை பேர் அவரிடம் வர வேண்டிய நிலையில் இருந்தார்கள் என்றே அந்த எண்கள் சொல்கின்றன. 2011இல் அவரிடம் வந்த அதே குறையோடு 2013இலும் வேறு ஆட்கள் வந்தார்கள். அவரைப் புகழ்பவர்கள் வருகையைக் கணக்கிடுகிறார்கள். அடுத்த முறை யாரும் வராமல் இருக்க அவையில் அவர் என்ன செய்தார் என்பதைக் கணக்கிட்டால், நல்ல மனிதர் ஒருவர் மிக நீண்ட காலம் தவறான வேலையை மிகச் சிறப்பாகச் செய்தார் என்ற முடிவுக்குத்தான் வர முடியும்.