வைர முனை சொல்வதை நம்பலாமா?

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால், செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தைக் காணலாம். அதன் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. உலையைச் சூழ்ந்து நிற்பது கான்கிரீட் சுவர். உப்புக் காற்று வீசும் கரையில் இத்தகைய சுவர் பல்லாண்டு நிலைக்க வேண்டும்.

கான்கிரீட்டின் வலிமையை எப்படி அறிகிறோம்? 15 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டியை வார்த்து, 28 நாள் கழித்து எந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிறோம். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது தெரிகிறது. உள்ளே எந்தப் பகுதி எவ்வளவு விறைப்பானது என்பது தெரிவதில்லை.

அதற்காக வந்ததே நானோ அழுத்தச் சோதனை. மெருகிட்ட சிமெண்டுப் பரப்பில் ஒரு வைர முனையைச் சில நூறு நானோமீட்டர் ஆழம் அழுத்துகிறார்கள். அது தலைமயிரின் பருமனில் சில நூற்றில் ஒரு பங்கே. பாரத்தை எடுக்கும்போது பரப்பு எவ்வளவு மீண்டெழுகிறது என்று பார்த்து, விறைப்பைக் கணக்கிடுகிறார்கள். இப்போது பரவலாகக் கையாளப்படும் கணக்கு முறையை ஆலிவர், ஃபார் இருவரும் 1992-இல் வகுத்தனர்.

2004-இல் கான்ஸ்டாண்டினிடிஸ், உல்ம் இருவரும் இவ்வாறு நூற்றுக்கணக்கான இடங்களில் அழுத்திப் பார்த்தனர். சிமெண்டை இறுகப் பிணைக்கும் கூழ்ப்பொருளில் இருவகை உண்டு என்றனர். ஒன்றின் விறைப்பு சுமார் 22 ஜிகாபாஸ்கல். மற்றதன் விறைப்பு சுமார் 29.

இங்கேதான் சிக்கல். கறுப்பு உளுந்தும் வெள்ளை அரிசியும் கலந்த சாக்கில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, ஒவ்வொரு பிடியின் சராசரி நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத் தானியம் ஒன்று இருப்பதாகக் கணக்கு காட்டும்! முனையின் அழுத்தமும் அதற்கடியிலுள்ள சிறு பகுதி முழுவதிலும் பரவுகிறது. அப்பகுதியில் இரு பொருள்கள் கலந்திருந்தால், இல்லாத மூன்றாவது பொருள் முளைத்துவிடும். 2009-இல் ட்ர்டிக், மூன்ச், லூரா ஆகியோர் கணிப்பொறிச் சோதனைகளால் இதைச் சுட்டிக்காட்டினர். உல்ம் குழுவினர் 2010-இல் மறுமொழி எழுதினர்.

என் மதிப்பீடு இது: கருவி நுட்பமானது; அதன் எண்ணுக்கு நாம் கற்பிக்கும் பொருள்தான் பல வேளைகளில் அளவு மீறுகிறது. அது தருவது விறைப்பு. நசுங்கும் வலிமை வேறு, நீடித்துழைக்கும் தன்மை வேறு. கடலோரக் கட்டடத்தைக் கெடுப்பது துளைகள், வெடிப்புகள் வழியே புகுந்து எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு. அதை இந்த முனை அளப்பதில்லை.

ஆகவே மாணவர்களே, ஓர் எண்ணைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை அளந்தார்கள்? எவ்வளவு பெரிய பகுதியில் அளந்தார்கள்? அங்கே ஒரே பொருள்தான் இருந்ததா?